தாழ எடுத்த பாட்டு

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். திருச்சியில் ஒரு டாக்டர் என் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசவில்லை. என் மனைவி ஞானம்மாளிடம்தான் பேசினார்.

“சதை வளந்திருக்கும்மா. கொஞ்சம் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பறேன். கேன்சரா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்குங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் இவர் ஒரு வார்த்தை பேசப்படாது.”

“பாட்டுங்களா சார்?”

“அறவே கூடாது.”

உடையார்பாளையம் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தபடியே வந்தாள். எனக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

எங்களுடையது சின்ன சபை. ஆர்மோனியம் கிடையாது. முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே புத்தகத்தைப் பார்த்து ஒருவர் ஒவ்வோர் அடியாகப் பாடிக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஒன்பது வருஷமாகப் பாடிக் கொடுத்தவன் நான். முந்திரிக்கொட்டை வியாபாரி, ஐந்தாவது வரை படித்தவன். ஆனால் குரல் பெரிய குரல். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் பாட்டுப் பழகக் கூப்பிடுவேன். எடுக்கும்போதே உச்சத்தில் எடுப்பேன். இரண்டாம் சரணத்துக்குள் ஒவ்வொருவராக வாயை மூடிவிடுவார்கள். அதன்பின் என் குரல் மட்டும் கேட்கும். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்று ஒத்துக்கொள்கிறேன்.

ரோசம்மா அத்தை ஒருநாள் கேட்டேவிட்டார்: “ஏம்ப்பா இஸ்ரவேல், நீ எடுக்கற எடுப்புக்கு ஏணி வச்சுத்தான் ஏறணும். எங்களயும் ஆண்டவர்கிட்ட கூட்டிட்டுப் போறியா, நீ மட்டும் போறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். “பழகுனா வரும் அத்தை” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள் நரகம். எச்சில் விழுங்கினாலும் உறுத்தும். ‘உமக்குத்தானே பாடினேன் ஆண்டவரே, குரலைத் திருப்பிக் கொடும்’ என்று மனதுக்குள் சண்டை போட்டேன். உமக்குத்தானே என்று சொல்லும்போதே நெஞ்சு குத்தியது.

ஞாயிறு வந்தது. ஆராதனை நடத்தும் உபதேசியார், “பாட்டு எடுங்க” என்றார். யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போனால் போகிறது என்று வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஞானம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையில் புத்தகமும் இல்லை. பாட்டை எடுத்தாள். தாழ எடுத்தாள், பேசுகிற குரலில். முதல் அடி முடியுமுன் ரோசம்மா அத்தை சேர்ந்துகொண்டார். பிறகு ஆண்கள். ஒருவரும் பாடிக் கொடுக்கவில்லை. அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். கடைசிச் சரணம் வரை ஒரு வாயும் மூடவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் மனைவி பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அங்கேயே முழங்காலில் விழுந்தேன். ‘ஆண்டவரே, உம்முடைய ஜனங்களின் வாயை நான் அடைத்துவிட்டேன். மன்னியும். குரல் போனாலும் போகட்டும். பிள்ளைகளுக்காக உயிரை மட்டும் கொடும்.’

மறு வாரம் திருச்சிக்குப் போனோம். டாக்டர் காகிதத்தைப் படித்து முடித்தார்.

“கேன்சர் இல்லம்மா. கத்திக் கத்திக் காய்ப்பு காய்ச்சிருக்கு. என்ன தொழில் இவருக்கு, ஏலம் போடறவரா?”

“இல்லிங்க சார், கோயில்ல பாடறவரு” என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். சிரித்தாள். திரும்பவும் அழுதாள்.

காய்ப்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் பேச்சு வந்தது. உயரம் மட்டும் வரவில்லை. இப்போது சபையில் ஞானம்மாள்தான் பாட்டு எடுக்கிறாள். புதுப் பாட்டாக இருந்தால் அடிகளை நான் வாசித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

ஆண்டவர் நான் முதலில் கேட்டதைத் தரவில்லை, இரண்டாவது கேட்டதைத் தந்தார். உங்களுக்கும் ஏதாவது ஒன்று பறிபோயிருந்தால் பயப்படாதீர்கள். அவரிடம் சண்டை போட்டாவது பேசுங்கள். எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு தம்பி, “அண்ணே, பழைய குரல் திரும்பணும்னு ஜெபம் பண்ணட்டுங்களா?” என்றார்.

“வேணாம்ப்பா” என்றேன். “அது வந்துட்டா ஞானம்மா பாடறது எனக்குக் கேக்காது.”