மொட்டை மாடி பஜ்ஜி

போன வருடம் தங்கை நான்காம் வகுப்பு. வயதுக்கு மீறி எடை ஏறிக்கொண்டே போனதால் டாக்டரிடம் கூட்டிப்போனோம். "இவளுக்கு மட்டும்னு தனியா எதுவும் பண்ணாதீங்க. வீடே மாறணும்" என்றார். என் காதில் விழுந்தது 'மாறணும்' மட்டும்தான். எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுகிற ஆள் நான். அன்று மாலையே ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மேலே அவள் பெயர். கீழே சுண்டல், வெள்ளரிக்காய், ஸ்கிப்பிங் ஐம்பது.

"பெரிய டாக்டர் வந்துட்டா" என்று முனகினாலும் ஐந்து நாள் ஒழுங்காக டிக் அடித்தாள்.

சிக்கல் அப்பாவிடம் இருந்தது. தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கினால், எண்ணெய் ஊறிய பொட்டலம் இல்லாமல் வீட்டுக்கு வரத் தெரியாது அவருக்கு. அவள் பார்த்தால் ஏங்குவாளே என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்: பொட்டலம் நேராக மொட்டை மாடிக்குப் போகும். துணி எடுக்க அம்மா, செடிக்குத் தண்ணீர் ஊற்ற அப்பா, போன் பேச நான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மூன்று பேரும் வெங்காய பஜ்ஜியை அவசரமாக விழுங்குவோம். அவளுக்காகச் செய்கிற தியாகம் என்றே நினைப்பு.

ஆறாம் நாள் அவளே படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"வாசனை கீழ வரைக்கும் வருது. எனக்கு மட்டும் வெள்ளரிக்காயா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அப்பா கையில் பாதி பஜ்ஜி. "இல்லடா பாப்பா, உனக்காகத்தான்..."

"எனக்காகவா சாப்பிடுறீங்க?"

இறங்கிப் போய் அட்டவணையைக் கிழித்துப் போட்டாள். அதன்பின் இரண்டு நாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடை குறையாவிட்டால் போகட்டும். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன்.

விடுவதாக இல்லை. புதிய தாள் எடுத்து நான்கு பெயர் எழுதி, பேனாவை அவளிடமே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பிடுங்கினாள். அப்பாவுக்கு: பொட்டலம் கூடாது. அம்மாவுக்கு: வாரத்தில் ஒரு நாள்தான் எண்ணெய்ச் சட்டி. எனக்கு: போனை வைத்துவிட்டு ஸ்கிப்பிங் நூறு! எல்லோருக்கும்: நடை. அன்று தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

அதிலிருந்து தினமும் மாலை நாங்கள் மூவரும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் அப்பாவைக் கூட்டி வந்தோம். நடைமேம்பாலத்தில் முதலில் தங்கை மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நிற்பாள். போகப் போக ஒரே இடம். ஒருநாள் அவள் நிற்கிற இடத்தில் அப்பா முந்திக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

"என்னப்பா, அவ்ளோதானா?" என்றாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா..."

"மெதுவா. நான் நிக்கிறேன்."

கீழே பஜ்ஜிக்கடைக்காரர் கரண்டியை ஆட்டினார். "இன்னா சார், ஆளையே காணோம்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தங்கை பதில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம வரோம்ணா. நாலு பேருக்கு நாலே நாலு."