ருசி பார்க்காமல் போட்ட பச்சை ஐசிங்

பேக்கரி வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்டதற்காக மாவு, முட்டை, சூட்டுப் பதம் பற்றியெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. எத்தனையோ வருஷம் பேனாவை எடுத்து மூடி வைத்துவிட்டேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். இனியும் மறைத்தால் அல்லாஹ் கேட்கும்போது என்ன சொல்வேன்? அதனால் எழுதுகிறேன்.

1. நாற்பத்திரண்டு கூடு

ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசியில் ஒரு பேக்கரியில் நான் மாஸ்டர். விறகு போட்டுச் சூடேற்றும் செங்கல் அடுப்பு, போர்மா என்போம், அதன் முன்னால் நின்றே என் வாலிபம் போனது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று இருந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம். அதன் வார்டன் எஸ்தர் டீச்சர் ஒரு வாழ்த்து அட்டையோடு கடைக்கு வந்தார். அட்டையில் ஒரு கப் கேக். மேலே பச்சைப் புல்லில் குருவிக்கூடு, கூட்டுக்குள் மூன்று முட்டை.

"மாஸ்டர், ஈஸ்டருக்கு இதே மாதிரி வேணும். ஆனா நீங்க போடக் கூடாது. பிள்ளையளே போடணும். நாப்பத்திரண்டு பிள்ளையள், ஆளுக்கு ஒண்ணு."

"முட்டைக்கு என்ன செய்ய டீச்சரம்மா?"

"நீங்கதான மாஸ்டர்? என்னயக் கேக்கியளே!"

சீரக மிட்டாய் வைக்கலாம் என்றேன். கைதட்டிச் சிரித்தார்.

அந்த வருஷம் எங்கள் ரமலானும், ஈஸ்டருக்கு முன்னால் அவர்கள் விரதம் இருக்கும் லெந்து நாட்களும் சேர்ந்து வந்தன. நோன்பு வைத்தால் மாவையோ ஐசிங்கையோ நாக்கில் வைக்கமாட்டேன். கை அளவுதான். "நம்ம மாஸ்டர் ருசியே பாக்காம கேக் போடுதாரு, ஒரு குறை சொல்ல முடியுமா?" என்று ஊரில் பேசுவார்கள். காது குளிரக் கேட்டிருக்கிறேன். அதுதான் நோய். அன்றைக்குத் தெரியவில்லை.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை. கேக்குகளை மரப்பெட்டியில் அடுக்கிவிட்டேன். வெயிலில் ஐசிங் உருகும் என்பதால் அதை விடுதியிலேயே அடிப்பதாக ஏற்பாடு. வெண்ணெய், திரித்துச் சலித்த சீனி எல்லாம் எடுத்தாயிற்று. பச்சைக் கலர் வீட்டுச் சுவரில் உள்ள மாடாக்குழியில் இருந்தது. பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் கையை விட்டுத் துழாவி, பேப்பரில் மடித்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பச்சை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

2. குரங்கு துப்பியது

விடுதி வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்குள் சட்டியை இறக்கி வைத்து ஐசிங் அடித்தேன். கலரில் ஒரு சிட்டிகைதான் போட்டேன். சட்டி முழுக்க வாழையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. எப்போதும் மூன்று சிட்டிகை பிடிக்கும். 'நல்ல சரக்கு' என்று நினைத்தேன். வெனிலா எசன்ஸ் வாசனையில் வேறு வாசனை எதுவும் மூக்கில் ஏறவில்லை.

டீச்சர் கேட்டார்: "ருசி பாத்தியளா?"

"நோன்பு டீச்சரம்மா. என் கை தப்பாது."

"பிள்ளையளும் லெந்து முடியுத வரைக்கும் இனிப்பு தொடமாட்டோம்னு ஜெபத்துல வாக்குக் குடுத்திருக்குதுவ. சரி, நாளைக்குத்தான தெரியப் போவுது."

பிள்ளைகளுக்குப் பேப்பர் கோன் சுற்றிக் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது, எப்படி அழுத்துவது என்று காட்டினேன். ஒருத்தியின் புல் புழு மாதிரி நெளிந்தது. "ஏட்டி, இது கூடா, சாணியா?" என்று பக்கத்துப் பெண் கேட்க, வராந்தா முழுக்கச் சிரிப்பு.

அருவியில் தண்ணீர் இல்லாத மாதம். ஊருக்கு ஆள் வராததால் குரங்குகளெல்லாம் பட்டினி. ஒன்று ஓட்டிலிருந்து குதித்து, நான் உபரியாகப் போட்டு வைத்த கேக்கைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறியது. ஒரு நக்கு நக்கியது. முகத்தைச் சுளித்தது. துப்பியது. கேக்கைக் கீழே வீசிவிட்டு உதட்டைச் சுவரில் தேய்த்தது.

"மாஸ்டர் மாமா கேக்கு குரங்குக்கே புடிக்கல!"

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே வாய் மூடிவிட்டது. வாழைப்பழத் தோலுக்கு அடித்துக்கொள்ளும் குரங்கு வெண்ணெயும் சீனியும் போட்ட பண்டத்தை ஏன் துப்புகிறது?

அப்போது குழாயடியிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டாள். "மாமா, சோப்புப் போட்டுத் தேச்சாச்சு. பச்சை போகவே மாட்டேங்கு."

என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் பச்சை. கேக் கலர் தண்ணீர் பட்டால் போய்விடும். சோப்புக்கும் போகாத பச்சை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தறிநூலுக்கு வாங்கி வைத்திருந்த சாயப்பொடி. அதுவும் அதே மாடாக்குழியில்தான் இருந்தது.

3. நாக்கை நீட்டு

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கத்தவில்லை. "யாரும் தொட்டிருக்க மாட்டாளுவ மாஸ்டர். வாக்குக் குடுத்திருக்காளுவ" என்று மட்டும் சொன்னார்.

தட்டுகளைப் பார்த்தேன். எல்லாக் கேக்கிலும் புல் இருந்தது. கடைசித் தட்டில் ஒன்றில் மட்டும் இல்லை. சீரக மிட்டாய் மூன்றும் மொட்டைக் கேக்கின் மேல் கிடந்தன. யாரோ ஐசிங் முழுவதையும் வழித்துத் தின்றிருக்கிறார்கள்.

"இது யாரு கேக்கு?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தொட்டதாகச் சொன்னால் வாக்கை மீறியதாக ஆகிவிடும். எந்தப் பிள்ளை சொல்லும்?

டீச்சர் வரிசையில் நிறுத்தினார். "எல்லாரும் நாக்க நீட்டுங்க." ஒவ்வொரு நாக்காகப் பார்த்தோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எண்ணினால் நாற்பத்தொன்று.

"செல்வராணி எங்கட்டி?"

செல்வராணிதான் விடுதியில் சின்னவள். ஆறு வயசு இருக்கும். துவைகல்லுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். டீச்சர் கெஞ்சினார், மிரட்டினார். பிள்ளை தலையை ஆட்டினாளே தவிரக் கையை எடுக்கவில்லை. எவ்வளவு தின்றாள், எப்போது தின்றாள், ஒன்றும் தெரியாது. பலவந்தமாக வாயைத் திறந்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

சட்டியில் விரலை விட்டு ஐசிங்கை எடுத்து என் நாக்கில் வைத்தேன். இத்தனை வருஷம் காப்பாற்றிய நோன்பு போகிறது என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் வைத்தேன். வேப்பங்காயை மென்ற மாதிரிக் கசப்பு. துப்பிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்து நாக்கை நீட்டினேன்.

"பாரு தாயி, என் நாக்கும் பச்சை. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. நான்தான் தப்பான பொடியக் கலந்துட்டேன். குத்தம் என்னோடது."

என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள். பல், உதடு, நாக்கு எல்லாம் பச்சை.

"கசந்துச்சு மாமா."

"கசந்தா துப்பியிருக்கலாம்லா?"

"வாக்கு மீறினதுக்கு இயேசப்பாதான் கசக்க வச்சிட்டாருன்னு நெனச்சேன். துப்புனா இன்னும் பாவம்னு முழுங்கிட்டேன்."

டீச்சர் பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

4. குதிரைவண்டி

பஸ்ஸுக்கு நேரமில்லை. குதிரைவண்டி பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னோம். பிள்ளை என் மடியில். சாயப் பொட்டலத்தையும் கையில் வைத்திருந்தேன். பாதி வழியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். டீச்சர் வாய்க்குள் ஜெபம் பண்ணினார். நான் வாய்க்குள் துஆ கேட்டேன். "யா அல்லாஹ், பெருமை என்னுடையது. கணக்கை இந்தப் பிள்ளையிடம் தீர்க்காதே." வண்டிக்காரர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையை இன்னும் விரட்டினார்.

டாக்டர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "எப்பத் தின்னா? எவ்வளவு?" பிள்ளையே பதில் சொன்னாள், விரலைக் காட்டி. வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். பச்சை பச்சையாக எடுத்தாள். அதன் பிறகு கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். "பொழுது சாயுத வரை பாக்கணும். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

சாயங்கால அசர் தொழுகையை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தொழுதேன். நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு கேட்டது. கையில் பேரீச்சம்பழம் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்நேரம் உள்ளேயிருந்து குரல். "டீச்சர், பசிக்கு."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் பழத்தை வாயில் வைத்தேன்.

எல்லாக் கேக்கையும் விடுதிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கேக் இல்லாமலே ஈஸ்டர் போனது. முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பள்ளிவாசல் ஹஜரத்திடமும் போய்ச் சொன்னேன்.

"தேவைக்கு நாக்கு நுனியில வச்சுத் துப்பலாம், தொண்டைக்குள்ள போகக் கூடாது. அவ்வளவுதானே? நீர் யார்ட்டயும் கேக்கலியா?"

"கேக்கல ஹஜரத்."

"ஏன் கேக்கல?"

கேட்டிருந்தால் ருசி பார்க்க வேண்டியது வந்திருக்கும். ருசி பார்க்காத மாஸ்டர் என்ற பெயர் போயிருக்கும்.

திங்கட்கிழமை புதிதாக நாற்பத்திரண்டு கேக் கொண்டு போனேன். கலர் எதுவும் இல்லை, வெள்ளை ஐசிங்தான். அன்றைக்கும் எனக்கு நோன்பு. பிள்ளைகள் முன்னாலேயே விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். மற்றவர்கள் கோனுக்கு அடித்துக்கொண்டார்கள். செல்வராணி மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நாக்கக் காட்டுங்க."

நீட்டினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோனைக் கையில் எடுத்தாள்.

அடுப்படியில் நிற்கும் பிள்ளைகளே, அடுத்தவர் வாய்க்குப் போகும் பண்டத்துக்கு முதல் சாட்சி உங்கள் நாக்கு. மார்க்கத்தில் அனுமதி உண்டா என்று தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்காமல் இருப்பது பக்தி ஆகாது.

இதை யாருக்காவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். குரங்கை அல்லாஹ் அனுப்பிய வானவராக, மலக்காக ஆக்கிவிடாதீர்கள், அது பசித்த குரங்குதான். பொட்டலத்தை மாற்றி வைத்தவர் அண்ணன் என்று மாற்றிவிடாதீர்கள், எடுத்தது என் கை. அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கசந்ததையும் கடவுளுக்குப் பயந்து முழுங்கினாள் அவள். நாக்கிலேயே வைக்காத நான்தான் பக்திமான் என்று பெயர் வாங்கியிருந்தேன்.