சிவப்பு விளக்கும் வெள்ளிக்கிழமை கேக்கும்

மரீத்தா எக்லுண்ட் இருபது வருடத்துக்கு மேல் ஸ்வீடனின் யேவ்லே நகரத்தில் பஸ் ஓட்டியவள். பனியில் விடிகாலை ஷிஃப்ட் அலுத்துப்போய், ஐம்பதை நெருங்கும்போது கணினி படித்து, நூலகங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

அங்கே பாதி வேலையை இயந்திரமே பார்த்துக்கொண்டது. யார் நிரல் எழுதி அனுப்பினாலும், அது ஓடத் தேவையான சாமான்களையெல்லாம் சேர்த்து ஒரு கன்டெய்னரில் கட்டி, சோதித்து, சர்வரில் ஏற்றிவிடும். யாரும் எதையும் மாற்றாவிட்டாலும் தினமும் காலையில் ஒருமுறை புதிதாகக் கட்டிப் பார்க்கும். சரியாக வந்தால் சுவரில் பச்சை விளக்கு. சொதப்பினால் சிவப்பு, பக்கத்துத் திரையில் ஒரு பெயர். பெயர் வந்தவர் வெள்ளிக்கிழமை காபிக்குக் கேக் சுட்டு வரவேண்டும். யார் போட்ட சட்டமோ, அரசாங்கச் சட்டத்தைவிட ஒழுங்காக நடந்தது.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மரீத்தாவின் பெயர் வந்தது. சிரித்துக்கொண்டே ஏலக்காய் கேக் சுட்டாள். மறுவாரமும் வந்தது. பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாயங்காலம் பச்சையாக விட்டுவிட்டுப் போவாள், காலையில் சிவப்பு. தான் எழுதியதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள். குற்றம் எங்கே என்றே தெரியவில்லை.

"இன்னைக்கும் நீதானா மரீத்தா?" என்பான் பக்கத்து மேஜை தோர்கெல். மகன் வயதுப் பையன். "இந்தத் தடவ ஆப்பிள் போடேன்."

"நான் எதையும் தொடவே இல்ல தோர்கெல்."

"அதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க," என்று கண்ணடிப்பான்.

மேற்கொண்டு கேட்க அவளுக்கு வெட்கம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு மாவு பிசைந்தாள். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்பது மட்டும் அவளுக்கு நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது.

ஆறு மாதம் முடிந்து, மேலாளர் ஸ்டெல்லன் பேசக் கூப்பிட்டிருந்த நாள். காலையில் பழைய டிப்போவிலிருந்து போன் வந்தது. ஆள் பற்றாக்குறை, திரும்ப வருகிறாயா என்றார்கள். கம்பெனியில் துரத்துவதற்குமுன் நாமே போவோம் என்று, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதும் பயம் விட்டுப்போயிற்று. இனி என்ன போச்சு? நேற்றைய பச்சைக் கன்டெய்னரையும் இன்றைய சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் எழுதியதில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அடியில் போடும், வெளியாட்கள் செய்து தரும் சாமான்தான் மாறியிருந்தது. கன்டெய்னரை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லும் குறிப்பின் முதல் வரியில், 'எது புதுசோ அதை எடு' என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். வெளியே அவர்கள் அதில் புதுப் பதிப்பு போடும்போதெல்லாம் இங்கே கவிழ்ந்தது. சேர்ந்த வாரத்தில் அதே குறிப்பிலிருந்து ஒரு வேண்டாத வரியை அவள் அழித்திருந்தாள். கடைசியாகத் தொட்டவர் பெயரை இயந்திரம் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"அட, அதுவா?" என்றான் தோர்கெல், அவள் காட்டியதும். "அது ரொம்ப நாளா அப்படித்தான். உனக்கு முன்னாடி என் பேர் வந்துச்சு."

அந்த ஊரில் தெரியாமல் தோள் இடித்தால்கூடப் பத்து முறை மன்னிப்புக் கேட்பார்கள். தலையில் மிளகாய் அரைப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்!

ஸ்டெல்லனின் அறையில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. நிரந்தர வேலை.

"உன்ன விட மனசே இல்ல மரீத்தா. அவ்வளவு சுத்தமா வேல செய்யுற."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "காலையிலதான் டிப்போவுக்கு வர்றேன்னு சொன்னேன். தினமும் நான்தான் எல்லாத்தையும் கெடுக்குறேன்னு நெனச்சேன்."

"அந்த விளக்கா? அது உன் தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரியுமே. நீ கேக்கவே இல்லையே?"

"நீங்க யாரும் சொல்லவே இல்லையே!"

"நீ ஆசையாத்தான் சுடுறேன்னு நெனச்சோம்," என்றான் ஸ்டெல்லன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "டிப்போவுக்கு மறுபடி போன் பண்ணி வரலன்னு சொல்லிடேன்."

மரீத்தா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"பஸ்ஸுல நான் திருப்பம் விட்டுட்டா, பின்னாடி உக்காந்திருக்கிற அத்தன பேரும் கத்துவாங்க ஸ்டெல்லன். இங்க ஆறு மாசமா எல்லாரும் கேக் சாப்பிட்டீங்க."