துறையில் அழுத்திய பொத்தான்

ஆறு வருடமாக பிரவுசரில் நான் சேர்த்த புக்மார்க்குகள், என் வகுப்புக்கான பாட வீடியோக்களும் பழைய வினாத்தாள்களும், பென் டிரைவில் ஓர் எக்செல் கோப்பாக இருந்தன. பொத்தானை அழுத்தினால் பழைய பட்டியலை அழித்துவிட்டு, பிரவுசரில் உள்ளதைப் புதிதாக எழுதும் மேக்ரோ என்ற சிறு நிரலை நானே எழுதியிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் மடிக்கணினியை முழுதாக அழித்துத் திருத்தச் சொல்லிக் கடையில் கொடுத்தேன்.

அதை வாங்கிக்கொண்டு தங்கையோடு எங்கள் ஊரான மண்டூருக்குத் திரும்பும்போது, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை அக்கரையில் நின்றது. அது வாவியைக் கடந்து வருவதற்குள் கோப்பைத் திறந்தேன். எல்லா வரிகளும் இருந்தன. அதோடு விட்டேனா? மேக்ரோ இன்னும் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினேன். புதுப் பிரவுசரில் ஒன்றுமில்லை, தாளும் வெறுமையானது.

கண்ட்ரோல் இசட்டை அடி அடியென்று அடித்தேன். மேக்ரோ அழித்ததை அது மீட்காது.

“அக்கா, சேவ் பண்ணாம மூடுங்க. பழையது அப்பிடியே இரிக்கும்,” என்றாள் தங்கை.

“எனக்குத் தெரியும், நீ சும்மா இரி!”

கோப்பை மூடினேன். சேமிக்கவா என்று அது கேட்கவேயில்லை. எப்போதும் சேமிக்க மறக்கிறவள் என்று, சேமிக்கும் கட்டளையை மேக்ரோவின் கடைசி வரியாக நானேதான் எழுதி வைத்திருந்தேன்.