குடிக்காதவர் காய்ச்சிய பியர்

அம்புறோஸ் அண்ணை பியர் காய்ச்சிய அந்த வருடம் அவருடைய நாக்கு நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒரு துளி தொடமாட்டார். காய்ச்சியதை யாராவது குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதே கட்டிடத்தில் மேல்மாடியில் இருந்த நான் அகப்பட்டேன். இலவசமாகப் பியர் கிடைத்ததே என்று பொறாமைப்படுகிறவர்கள் முதல் மூன்று காய்ச்சலையும் குடித்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.

அண்ணை மன்னார்க்காரர். ஊரில் படகு எஞ்சின் திருத்தியவர். ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், ஒரு பியர்த் தொழிற்சாலையின் போத்தல் கழுவும் மண்டபத்தில் ஏழு வருடமாக நின்றார். திரும்பி வரும் வெறும் போத்தல்கள் பட்டியில் ஓடி வரும். உடைந்ததையும் உள்ளே சிகரெட் கட்டை கிடப்பதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த இரைச்சலில் அவருடைய இடது காது பாதி போய்விட்டது. மனைவி டொறத்தி அக்கா ஏசும்போது அவர் அந்தக் காதைத்தான் திருப்பிக் கொடுப்பார்.

முன்பு அவர் நன்றாகக் குடித்தவர்தான். தொண்ணூற்றோராம் ஆண்டு டொறத்தி அக்கா ஜெர்மனிக்கு வர, ஆள் கூட்டிவரும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டு, ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல், எங்கே என்று தெரியாமல் போனபோது, மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். அவள் உயிரோடு வந்து சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க மது வாயில் வைப்பதில்லை. பத்தாவது கிழமை அக்கா பிராங்போர்ட்டிலிருந்து டெலிபோன் எடுத்தார். அன்றோடு நின்றது நின்றதுதான். தொழிற்சாலை மாதாமாதம் வேலைக்காரருக்குச் சும்மா கொடுக்கும் பியர்ப் பெட்டிகளையும் அவர் கட்டிடம் முழுக்கப் பகிர்ந்து கொடுத்துவிடுவார். எங்கள் கட்டிடத்து ஜெர்மன்காரர் எல்லோரும் வெளிநாட்டவர்மேல் அன்பு வைத்திருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தொண்ணூற்றாறு மாசியில், பியர் காய்ச்சும் கூடத்தில் ஒருவர் ஐப்பசியோடு ஓய்வு பெறப் போகிறார் என்று செய்தி வந்தது. செப்புக் கொப்பரைகள், வெளிச்சம், அமைதி. அண்ணை காய்ச்சும் கூடத்துத் தலைவரான மாஸ்டர் ப்றூகெமனிடம் நேரே போய் அந்த இடத்தைக் கேட்டார்.

"போத்தல் தெரியும் உமக்கு. பியரைப் பற்றி என்ன தெரியும்?" என்றாராம் மாஸ்டர்.

அண்ணைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீங்கள் இதுவரைக்கும் குடிக்காத ஒரு பியர் நான் காய்ச்சித் தருவேன்" என்று சொல்லிவிட்டார். ப்றூகெமன் சிரித்தார். ஐப்பசிக்கு முன் கொண்டு வாரும், நான் ஒரு கிளாஸை மிச்சம் வைக்காமல் குடித்தால் இடம் உமக்கு என்றார். சிரித்தாலும் சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர் அவர். இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

என்ன பியர் என்று யோசிக்க அண்ணைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. லண்டனில் இருந்த தம்பி றொனால்ட், வீட்டில் பியர் காய்ச்சும் ஒரு ஆங்கிலப் புத்தகம் அனுப்பினான். அதில் இந்தியா பேல் ஏல் என்று ஒரு வகை. கப்பலில் மாதக்கணக்காகக் கிழக்கே போகும் பியர் பழுதாகாமல் இருக்க, பியருக்குக் கைப்பும் வாசமும் கொடுக்கும் ஹொப் பூவை அள்ளிப் போட்டார்கள் என்று எழுதியிருந்தது.

"எங்கடை பக்கத்துக்கெண்டு காய்ச்சின சாமான் தம்பி இது. கொழும்புக்கும் வந்திருக்கும். உரிமைப்படி பார்த்தால் இது எங்கடை பியர்" என்றார்.

அந்தப் புத்தகத்தை எழுதியவரே இதைக் கேட்டிருந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்திருப்பார்.

வீட்டில் காய்ச்சுகிறவர் வருடத்துக்கு இருநூறு லீற்றர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், சுங்கத் திணைக்களத்துக்கு அறிவித்தால் போதும். ஆனால் அகதியாக வந்தவனுக்கு அறிவித்தல் என்று ஒன்று கிடையாது, எல்லாம் அன்ட்றாக், விண்ணப்பம்தான். அண்ணை பயணப் பத்திரப் பிரதி, விவாகப் பதிவு, முத்திரை குத்திய மொழிபெயர்ப்போடு ஞானஸ்நானச் சான்றிதழ், மூன்று புகைப்படம் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எத்தனை லீற்றர் என்று மட்டும் தெரிவித்தால் போதும், படங்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் வைத்தார்.

காய்ச்சல் நிலக்கீழ் உடுப்புக் கழுவும் அறையில் நடந்தது. வெள்ளி பின்னேரம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைப்பார். சனி காலை அதன் குழாயைத் திறந்து தண்ணீரை எடுத்து, முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்து, ஹொப் போட்டுக் கொதிக்கவிடுவார். ஹொப் என்பது பச்சை நிறத்தில், கோழித் தீன் மாதிரிச் சின்னச் சின்ன உருளையாக வரும். முதல் நாள் அதன் வாசம் படியேறிப் போனதும், எங்கள் கறி மணத்துக்கு ஆறு தடவை முறைப்பாடு எழுதிய முதல் மாடிக் கிழவி இறங்கி வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்த வீட்டில் ஒரு மனிதச் சாப்பாடு சமைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் காய்ச்சலை ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை ருசி பார்த்தேன். அண்ணை எதிரே கொப்பியும் பேனையுமாக இருந்தார்.

"எப்பிடி?"

"கைக்குது அண்ணை."

"கைக்கத்தானே வேணும். எங்கை கைக்குது, நுனியிலையோ அடியிலையோ?"

"அடித்தொண்டையிலை. கைச்சுப்போட்டுப் போகுதில்லை. பாயைப் போட்டுப் படுக்குது."

'நடேசன்: பாய் போட்டுப் படுக்குது' என்று அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டாவது முறை ஹொப்பைப் பாதியாக்கினார். கைப்பும் குறைந்தது, வாசமும் போனது, தொண்டையில் பாய் போட்ட அந்தக் கயர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. "இது மாஸ்டர் தினமும் காய்ச்சுற பியரின்ரை நோயாளித் தம்பி" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதில்தான் அவருக்கு மூளை வேலை செய்தது. வழி சொன்னது புத்தகமில்லை, டொறத்தி அக்காவின் மீன்குழம்பு. தூளை முதலில் போட்டுக் கொதிக்கவிடுகிற அக்கா, கறிவேப்பிலையைக் கடைசியில், இறக்கும்போதுதான் போடுவார். முதலில் போட்டால் வாசம் ஆவியாகப் போய்விடும். அண்ணை அடுப்படியில் நின்று இதைப் பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினார்.

"கைப்புக்கு முதல்லை கொஞ்சம். வாசத்துக்குக் கடைசியிலை கனக்க. விளங்குதே?"

கொதி தொடங்கும்போது முப்பது கிராம். கடைசிப் பத்து நிமிடத்தில் நாற்பது. அடுப்பை நிறுத்தியதும் அறுபது. பிறகு, நுரைத்து முடிந்த பியருக்குள் இன்னுமொரு எழுபது கிராமைத் துணியில் முடிச்சாகக் கட்டி ஐந்து நாள் தொங்கவிடுவது. துணி அவர் இடுப்பில் கட்டும் பழைய சாரத்திலிருந்து கிழித்தது. அவித்துத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தார். கடைசி இரண்டுக்கும் றொனால்ட் லண்டனிலிருந்து அனுப்பிய அமெரிக்க ஹொப். பையைத் திறந்தால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின வாசம்.

அது பியரா! கிளாஸைக் கிட்டக் கொண்டுவர முன்பே மூக்குக்குத் திருவிழா. விழுங்கினேன். தொண்டையில் அதே கயர்ப்பு வந்து குந்தியது.

"சாரமோ?" என்று பயந்து கேட்டார்.

"சாரமில்லை அண்ணை. முதல்லை இருந்து இருக்கிறது அது."

ஆவணி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு காய்ச்சலுக்குத்தான் நாள் இருந்தது. எதை மாற்றுவது என்று தெரியாமல் எதையும் மாற்றாமல் விட்டார். அதே அளவு, அதே நேரம், அதே சாரம். அந்தக் கிழமைதான் டொறத்தி அக்கா என்னிடம், "தம்பி, ஹம்முக்குப் போனால் தமிழ்க் கடையிலை ஒரு பக்கெற் வெத்திலைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வாங்கோ. கை சுளுக்கிப் போச்சு, மஞ்சளோடை குழைச்சுப் பூச வேணும்" என்றார். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற வேலை அக்காவுக்கு, சுளுக்காமல் என்ன செய்யும் என்று வாங்கிக் கொடுத்தேன்.

காய்ச்சி இரண்டு நாள் கழித்து, உடுப்புக் கழுவப் போன இடத்தில் அக்கா நொதிக்கும் வாளிக்கு முன்னால் நிற்பதைக் கண்டேன். மூடியிலிருந்த குழாய் குபுக் குபுக்கென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் மனிதரைப் பிழையாகத்தான் விளங்கும்.

நான்காவது காய்ச்சலின் போத்தலைத் திறந்த அன்று முதல் மிடறு போனது. கைத்தது, நன்றாகவே கைத்தது. பிறகு மரியாதையாக எழும்பிப் போய்விட்டது. பின்னால் பம்பளிமாஸ் வாசம் மட்டும் நின்றது.

"அண்ணை, கயர்ப்பு இல்லை!"

"பொய் சொல்லாதை."

"மாதாவாணை இல்லை."

"நீ சைவக்காரன். உன்ரை முருகனிலை சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் கொப்பியில் மூன்றாவதையும் நான்காவதையும் எழுதிய பக்கங்களை மாறி மாறிப் பார்த்தார். ஒரு கிராம் வித்தியாசமில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கலங்கிப்போனார். ஏன் நன்றாக வந்தது என்று தெரியாத பியரை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வேலை கேட்பது?

ஞாயிறு பூசை முடிந்து ப்றூகெமன் வந்தார். அக்கா வடை சுட்டிருந்தார். மாஸ்டர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், மணந்தார், புருவத்தை உயர்த்தினார். ஒரு மிடறு. நாங்கள் மூன்று பேரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது மிடறு. பிறகு நிறுத்தாமல் அடிமட்டும் குடித்து, கிளாஸை மேசையில் வைத்தார்.

"இந்த ஊர்த் தண்ணீரில் இவ்வளவு ஹொப் போட்டால் தொண்டையைக் கீறும். தண்ணீரை என்ன செய்தீர்?"

"ஒன்றும் செய்யவில்லை" என்றார் அண்ணை.

மாஸ்டர் நம்பவில்லை. காய்ச்சிய இடத்தைக் காட்டச் சொன்னார். கீழே போனோம். தண்ணீர்ப் பீப்பாய் மூலையில் நின்றது. அவர் உள்ளே கையை விட்டு, அடியில் காய்ந்து கிடந்த வெள்ளைப் படையைச் சுரண்டி விரலில் தேய்த்தார்.

"சுண்ணாம்பு. யார் போட்டது?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் கையில் சுளுக்குமில்லை மஞ்சளுமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான்தான்" என்றார் அக்கா தமிழில். "ஊரிலை முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசினால் கள்ளுப் புளிக்காது, கருப்பணியாய் இனிப்பாய் நிக்கும். இதுவும் புளிக்காமல் நிக்கட்டுமெண்டு வெள்ளி ராத்திரி பீப்பாய்த் தண்ணிக்குள்ளை ரெண்டு கரண்டி கரைச்சு விட்டன். பிறகு பார்த்தால் குபுக் குபுக்கெண்டுது."

"சுண்ணாம்போ!" என்று அண்ணை தலையில் கை வைத்தார். "ஜெர்மன் பியர்ச் சட்டத்திலை பார்லி, ஹொப், தண்ணி எண்டுதான் கிடக்கு! உன்னாலை என்னை நாடு கடத்தப் போறாங்கள்!"

நான் மாஸ்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டத்துக்கு ஒரு குறையுமில்லையாம். கடினத் தண்ணீரில் அளவாகச் சுண்ணாம்பைக் கலந்தால், அது தண்ணீரில் ஏற்கெனவே கரைந்து தொண்டையைக் கீறுகிற சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடுமாம். மேலே நிற்பது மென்மையான தண்ணீர். பீப்பாயின் குழாய் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்ததால் அண்ணைக்கு அது மட்டுமே வந்திருக்கிறது. "இதற்கென்று எங்களிடம் ஒரு பெரிய தொட்டியே இருக்கிறது. உமது மனைவி கரண்டியால் செய்திருக்கிறார்" என்றார்.

மேலே வந்ததும் மாஸ்டர் இரண்டு கிளாஸ் ஊற்றி ஒன்றை அண்ணையிடம் நீட்டினார். "வாரும், காய்ச்சும் கூடத்துக்கு."

அண்ணை கிளாஸை வாங்கினார். பிடித்துக்கொண்டே நின்றார். ஏழு வருட இரைச்சல் அந்தப் பக்கம், ஒரு மிடறு இந்தப் பக்கம். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

"என்னால் ஏலாது" என்று தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார். "என் மனைவி உயிரோடு வந்ததற்காகக் கொடுத்த சொல். குடித்தால்தான் வேலை என்றால் நான் போத்தலோடே நிற்கிறேன்."

டொறத்தி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஊரிலை வாளிக்கணக்கிலை கள்ளுக் குடிச்ச மனிசன் தம்பி. எத்தினை நாளைக்குத்தான் மணந்துகொண்டு மட்டும் இருப்பாரெண்டு பயந்தன். இவர் சொல்லை மீறினால் மாதா என்னைத் திருப்பிக் கேட்டிடுவாவெண்டு பயந்தன்" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வெட்கமாக இருந்ததால் வடையை எடுத்து வாயில் வைத்தேன்.

ப்றூகெமனுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. நான் சொன்னதும், "யார் உம்மைப் பியர் குடிக்கச் சொன்னது?" என்றார். "பியர் ஆவது கீழே நிலவறையில். காய்ச்சும் கூடத்தில் இருப்பது வெறும் இனிப்புத் தண்ணீர், இன்னும் நொதிக்காதது. பிள்ளைகளும் குடிக்கலாம். அதைத்தான் நீர் ருசி பார்க்க வேண்டும்."

"கருப்பணி!" என்றார் அக்கா.

அண்ணை கொப்பியை நீட்டினார். பிறகு அகதிக்குரிய பணிவோடு, "அதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டார். மாஸ்டர் அங்கேயே கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மேசையில் அண்ணையின் கிளாஸ் நிறைந்தபடி இருந்தது. அதை வீணாக்கக் கூடாதென்று நான் கையை நீட்டினேன். எனக்கு முன்னால் அக்கா எடுத்துவிட்டார்.

"என்னடி செய்யிறாய்?" என்றார் அண்ணை.

"நேர்த்தி உங்களுக்குத்தானே. எனக்கில்லையே."

ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் உருட்டினார். குழம்புக்கு உப்புப் பார்க்கிற முகம்.

"கைப்புக் காணாது" என்றார். "இன்னும் பத்துக் கிராம் போடலாம்."

அண்ணை கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த என் பெயரை வெட்டி, மேலே டொறத்தி என்று எழுதினார். அன்றோடு என் வேலை போனது.