மச்சான் கொண்டுவந்த செம்புச் சுருள்

மாமனாரின் பழைய கார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுதான் என் மச்சான் எங்களோடு பேச்சை நிறுத்தினான். மகனுக்கு இல்லாமல் மகளுக்கா என்று ஆத்திரம். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் அந்தத் தம்பி ஒருத்தன்தான். ஒரு வருஷம், தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் அழவில்லை. பாத்திரங்களை மட்டும் சத்தமாக வைத்தாள்.

நான் காரைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொண்டிருந்தேன். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி ராயபுரத்தில் வீடு. இங்கே இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் ஆயில் போகிற குழாயை நகத்தால் சுரண்டினேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. சேதி எப்படியோ காசிமேட்டில் மச்சான் காதுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் ஒரு செம்புக் குழாய்ச் சுருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாலை போட்ட மாப்பிள்ளை போல வாசலில் நின்றான்.

"இன்னா மாமா, இரும்பு போட்டு மறுக்கா துரு புடிக்கவா? லாஞ்சுல டீசல் லைன் பூரா செம்புதான். வருசக்கணக்கா அப்டியே கீது."

அவன் மீன்பிடி லாஞ்ச்களுக்கு எஞ்சின் மெக்கானிக். செம்பு அவனுக்குச் சாமி மாதிரி. என் மனைவி உள்ளே போய் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். சர்க்கரை இரண்டு பங்கு இருந்தது. அவள் சந்தோஷம் எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

சங்கடம் என்னவென்றால், முந்தின நாள்தான் நான் பிரேக் கடைக்காரரிடம் விசாரித்திருந்தேன். வெறும் செம்பு வேண்டவே வேண்டாம் என்றார். டீசல் சும்மா நடந்து வருகிற குழாய்க்கு அது போதும், பிரேக்கை ஓங்கி மிதித்தால் உள்ளே ஏறுகிற அழுத்தமே வேறு. வண்டி குலுங்கக் குலுங்க முனையில் விறைத்து, ஒருநாள் விரிசல் விடும். பூச்சு போட்ட எஃகு போடலாம், ஆனால் நம் உப்புக் காற்றுக்கு நிக்கல் கலந்த செம்புதான் சரி என்றார்.

இதை மச்சானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவான், வீட்டில் மறுபடி பாத்திரச் சத்தம். நான் மளிகைக் கடைக்காரன்; கைவசம் இல்லாத சரக்குக்குக்கூட 'இல்லை' என்று சொல்லாமல் 'சாயங்காலம் வாங்க' என்பவன். அதையே இங்கேயும் செய்தேன். முதல் வாரம் அளவு சரியில்லை என்றேன். அடுத்த வாரம் நட்டு வரவில்லை என்றேன். அவன் தவறாமல் வந்தான், வஞ்சிர வறுவலோடு சாப்பிட்டான், சுருளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் ஞாயிறு என்னை நம்பாமல் அவனே காருக்கு அடியில் புகுந்து அளவெடுத்தான். குழாயை வெட்டக் கட்டரை எடுத்ததும் எனக்கு வேறு வழியில்லை, கடைக்காரர் சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன். கப்பலில் கடல்தண்ணீர் ஓடுகிற குழாய்கூட நிக்கல் கலந்த செம்புதான் என்பதை, அவன் மனம் குளிரட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். குளிரவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தான். சுருளை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"மூணு வாரமா என்னை வச்சு காமெடி பண்ணிக்கினு கீறியா மாமா? செம்பு வோணாம்னா நானும் வோணாம், அதான?"

அவன் கேட்டைத் தாண்டுவதற்குள் என் மனைவி ஓடிப்போய்ச் சுருளைப் பிடித்து இழுத்தாள்.

"செம்புதான்டா வோணாம். நைனா காருல ஏறணும்னு எனக்கும் ஆசை கீது. ஆனா இந்த ஆளு பிரேக் மாட்டினா நான் ஏற மாட்டேன். நீ மாட்டினாத்தான் ஏறுவேன்."

மச்சான் சுருளைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தான். பிறகு அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்.

"அந்த நிக்கல் குழா எந்தக் கடையில கீது மாமா?"