படுக்கையறைக்குள் ஒளித்த தையல் மெசின்

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துக்கு நாங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் பட்டதாரி ஆசிரியர். இங்கே எனக்கு வேலை கிடைக்கவில்லை. என் மனைவி ஓர் உடுப்புத் தொழிற்சாலையிலிருந்து வெட்டிய துணிகளை எடுத்துவந்து, வரவேற்பறை மேசையில் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். வீடு பெரும்பாலும் அதில்தான் ஓடியது.

எங்கள் ஆட்கள் யாராவது வருகிறார்கள் என்றால், உடனே மெசினைத் தூக்கிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். "மாஸ்டரின்ரை மனுசி தைச்சுப் பிழைக்கிறா" என்று ஒருவரும் கதைக்கக் கூடாது. ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கும்போதும் அவளைக் குளிர் கோட்டோடு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவேன்.

இருவரும் ஒரே டேனிஷ் வகுப்புக்குப் போனோம். ஒருநாள் ஆசிரியை ஒரு பிரெஞ்சு ஓவியரின் படங்களைத் திரையில் காட்டினார். எல்லாமே வீட்டு அறைகள். பூப்போட்ட சுவர்த்தாள், மேசை நிறையத் துணி, அந்தச் சுவரோடு கலந்துபோனதுபோல் குனிந்து தைக்கும் ஒரு பெண். அது ஓவியரின் தாய், கணவரை இழந்தபின் தையலால் குடும்பத்தைத் தாங்கியவர் என்றார். தாய் சாகும்வரை மகன் கூடவே இருந்து, அவரைத் திரும்பத் திரும்ப வரைந்தாராம். பிறகு, இவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் எதை வரைவார் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

நான் புத்தக அலமாரி என்றேன். என் மனைவியோ, தெரிந்த நாலு டேனிஷ் சொல்லை வைத்துக்கொண்டு, ஆட்கள் வந்தால் என் கணவர் மெசினை ஒளித்துவிடுவார், ஓவியர் படுக்கையறைக்குள் போய்த்தான் வரைய வேண்டும் என்றாள். வகுப்பே சிரித்தது.

வரும் வழியில், "மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றேன்.

"இஞ்சருங்கோ, ஞாயிற்றுக்கிழமை ரீச்சரை வரச்சொல்லியிருக்கிறன். மெசினிலை கைவைச்சியளெண்டா சமையலும் நீங்கள்தான்" என்றாள்.

அப்படியும் ஞாயிறு காலை அதைத் தூக்கப் போனேன். அவள் எனக்கு முந்தி உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டாள். ஆசிரியை வந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, சட்டைக்குக் கொலர் எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். தேத்தண்ணி ஊற்றியது நான். போகும்முன் அவர் ஒரு படம் எடுத்தார். குனிந்து தைத்தபடி, கமெராவைப் பார்க்காமல், சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரதி கிடைத்ததும் அதைத் தன் தாய்க்கு அனுப்ப ஆசைப்பட்டாள். நான் விடவில்லை. கோட்டுப் படம்தான் போனது. அவள் அந்தப் பிரதியைத் தன் தையல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அவள் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கோட்டோடு நிற்கும் அந்தப் படங்களில் இருப்பவள் யாரோ போலிருக்கிறாள். பிள்ளைகள் பெரிதாக்கி மாட்டியிருப்பது ஆசிரியை எடுத்த படத்தைத்தான். அன்று அவருக்கு நான் வாய்திறந்து நன்றி சொல்லவில்லை. என் மனைவியை அவள் இருந்தபடியே எனக்கு விட்டுச்சென்றவர் அவர்தான் என்று புரிய, எனக்கு ஒரு வாழ்நாள் பிடித்திருக்கிறது.